வெறுங்கை

ஜார்ஜ் டவுன் கல்லூரிப் பட்டறையின் ஜன்னல் வெயில் சர்க்யூட் போர்டுகள்மேல் பச்சையாகக் கிடக்கிறது. பாயான் பாரு தொழிற்பேட்டை பேக்டரியில் இருபது வருடம் இதே போர்டுகளோடு மாரடித்த பிரமிளா, டிப்ளோமா இல்லாமல் சூப்பர்வைசர் ஆக முடியாதென்று நிர்வாகம் சொல்லிவிட்டதால் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இளம் விரிவுரையாளர் கோகிலன் வெறுங்கையால் ஒரு போர்டை எடுக்கிறார். மணிக்கட்டில் எர்த் பட்டை மாட்டாமல் தொட்டால் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். "சார், ஸ்ட்ராப் போடலையே," என்கிறாள். "அக்கா, பேக்டரி பழக்கத்த இங்க கொண்டாராதீங்க லா. மொதல்ல தியரி படிங்க." பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிரமிளாவின் காதுமடல் சுடுகிறது. பையிலிருந்து தன் நீலப் பட்டையை எடுத்து அவர் முன்னால் வீசுகிறாள். அதன் கிளிப் மேசையில் ணங்கென்று விழுகிறது. பாடப்புத்தகத்தை அதனருகே விரித்து வைக்கிறாள். "படிச்சிட்டேன் சார். மொதப் பக்கத்துலயே இருக்கு."