எல்லாருக்கும் நூல்

கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் தொங்கவிட ஒரு வெள்ளை நட்சத்திரம் பின்னும் வேலை குரோஷா ஊசிக்கும் நூல்கண்டுக்கும் வந்தது. முதலில் இரண்டும் வலைபோலச் சின்னச் சின்னக் கட்டங்களைப் பின்னின. பிறகு நடுவில் உள்ளவற்றை மட்டும் நூலால் அடைத்தன. மற்றவற்றை ஓட்டையாகவே விட்டன. எட்ட நின்று பார்த்தால் அடைத்த கட்டங்கள் நட்சத்திரமாகத் தெரிந்தன.

அவ்வளவுதான், அவற்றுக்குத் தலைகால் புரியவில்லை. "நாங்கதான் நட்சத்திரம்!" என்று ஒரே அலட்டல்.

ஓரத்து ஓட்டைக் கட்டம் ஒன்று மூக்கைச் சிந்தியது. "நூலக்கா, நாங்க என்ன பாவம் பண்ணோம்? பண்டிகையும் அதுவுமா வெறுமனே நிக்கிறோமே!"

நூல்கண்டுக்கு மனசு கேட்கவில்லை. "வாம்மா ஊசி, இதுக்கும் கொஞ்சம் போட்டுடுவோம்."

"வேண்டாம்க்கா. ஒண்ணுக்குப் போட்டா மத்ததெல்லாம் வரிசையில வந்து நிக்கும்," என்றது ஊசி.

அப்படியே வந்து நின்றன. அக்காவுக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி ஓட்டையும் அடைபட்டபோது, நூல் தீர்ந்து வெறும் அட்டைச் சுருள்தான் தரையில் உருண்டது.

வீட்டுக்காரி ரெஜினா வந்து பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். எந்தப் பக்கமும் வெறும் வெள்ளைச் சதுரம்தான். நேராக அடுப்படிக்குப் போய், அதைப் பிடிதுணியாக மடித்துக்கொண்டு ஓவனிலிருந்து கேக் தட்டை இறக்கினாள்.

கொதிக்கும் தட்டின் அடியிலிருந்து முன்பு ஓட்டையாக இருந்த கட்டங்களெல்லாம் ஒரே குரலில் கத்தின:

"இப்ப நாங்களும் நட்சத்திரம்!"