இடது காதுச் சட்டம்

"கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குதுங்க. கணீர்னு கேக்குது."

ஹெட்செட் மாட்ட வந்தவர் குனிந்து பார்த்தார். பிளக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. போனில் செருகவே இல்லை.

"செருகாமலே கேக்குதா? அப்ப நீங்க பெரிய ஆளுதான்."

கண்ணாடி போட்ட அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்றிருந்த மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவு. நீளமாக ஒரே வரிசையில் மேஜைகள், மேஜைக்கு ஒரு போன். இதுவரை ரிசீவரைக் கையில் பிடித்துப் பேசியவர்களுக்கு இன்றைக்குத்தான் ஹெட்செட் வந்திருந்தது. யாருக்கும் இதுதான் என் இடம் என்று கிடையாது, காலையில் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான். அதனால் எல்லா ஹெட்செட்டையும் ஒரே மாதிரி, வலது காதுக்கு வைத்து, மைக்கை முடுக்கி, வயரை மேஜையோரமாக கிளிப் அடித்து இழுத்திருந்தார் ஹெட்செட்காரர். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த மேஜையோடு வேலை முடிந்தது என்று நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார் மேனேஜர். "இடது காதுக்கு மாத்துங்க."

"சார், இது ஒத்தைக் காது மாடல். எங்க வழக்கப்படி வலதுதான்."

"உங்க வழக்கத்தை உங்க ஆபீஸ்ல வெச்சுக்குங்க. ஹெட்செட் மாட்டின காது எனக்கு கேபின்லேர்ந்து தெரியணும். யார் பேசறாங்க, யார் சும்மா மாட்டிக்கிட்டுத் தூங்கறாங்கன்னு நான் பார்க்க வேண்டாமா?"

இதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, மேஜை வரிசையை முழுசாகச் சுற்றிக்கொண்டு அக்காவின் அந்தப் பக்கம் போய் நின்றார்.

"கவனம் எங்க இருக்கு உங்களுக்கு? அதோட, மெதுவாப் பேசுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உங்க குரலுக்கு போனே தண்டம். ஜன்னலைத் திறந்து வெச்சாலே போதும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். திட்டி முடித்த திருப்தியோடு மேனேஜர் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நின்ன இடத்துலேயே நின்னு திட்டக் கூடாதா? எதுக்கு இந்த ஊர்வலம்?" என்றார் ஹெட்செட்காரர்.

"அக்காவைத் திட்டறதுன்னா சிடுமூஞ்சி இப்படித்தான் சுத்திக்கிட்டு வரும். அதுக்கு அது உடற்பயிற்சி" என்றான் பக்கத்து மேஜை தாடிக்காரன். "இனிமே எங்க காதை வேற எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும். வாங்கி வந்த வரம் அப்படி."

வாய்க்குள்ளேயே மேனேஜரை வறுத்தெடுத்தபடி, ஹெட்செட்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றி, திருப்பி, மறுபடி முடுக்கினார். கடைசியில் அக்காவின் மேஜைக்கு வந்தார். இந்தத் தடவை ஞாபகமாகப் பிளக்கைச் செருகினார்.

"கேக்குதாம்மா?"

அக்கா ஹெட்செட்டைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நிஜமாவே கேக்குதுங்க" என்றார் மெல்ல. "எனக்கு வலது காது சின்ன வயசுலேர்ந்தே கேக்காது. மறைச்சுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்."

"அடடா. சொல்லியிருந்தா உங்களுக்கு மட்டும் மாத்திக் குடுத்திருப்பேனேம்மா."

"நாளைக்கு வேற மேஜையில உக்காரணுமே. தினமும் திருப்பிக்கிட்டிருந்தா எதுக்குன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? போன் பிரிவுல ரெண்டு காதும் நல்லா இருக்கணும்னு விதி. மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். என் சம்பளத்துலதான் வீடே ஓடுது. ஏதோ அந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சதால நான் பொழைச்சேன். அவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுங்க."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்."

மிச்சமிருந்தது மேனேஜரின் ஹெட்செட் ஒன்றுதான். கேபினுக்குள் போய், அதையும் இடது காதுக்கே வைத்து மாட்டிவிட்டு நிமிர்ந்தவர், கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

கேபின் இருந்தது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வலது பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஒரு தோடு தெரிந்தது, காதில் செருகிய பேனா தெரிந்தது, தாடிக்காரனின் தாடி தெரிந்தது. ஹெட்செட் மாட்டின காது ஒன்றுகூடத் தெரியவில்லை.

"சார், இங்கேர்ந்து பார்த்தா ஒருத்தர் இடது காதும் தெரியலையே?"

"தெரியலையா?" மேனேஜர் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"மறுபடி வலதுக்கே மாத்திடவா?"

"வேண்டாம்." குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."

வெளியே வந்ததும் தாடிக்காரன் மடக்கினான். "என்ன, எல்லார் காதையும் எண்ணி முடிச்சிடுச்சா சிடுமூஞ்சி?"

ஹெட்செட்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவர் சொன்னதுதாங்க சரி. இந்த மாடல் வலது காதுல போட்டா கொரகொரன்னு இரையும். யாரும் திருப்பிடாதீங்க."

அதற்குள் கேபின் கதவு திறந்தது. அக்கா யாரோ வாடிக்கையாளரிடம் கட்டடமே அதிரப் பேசிக்கொண்டிருந்தார். மேனேஜர் கடுகடுவென்று வெளியே வந்தார். வரிசையை முழுசாகச் சுற்றினார். அக்காவின் இடது பக்கம் போய் நின்றார். அக்கா பேசி முடித்து, ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு திட்ட ஆரம்பித்தார்.