தொண்டை வலிக்காரி

“டிமிக்கி அண்ணி, சுத்த டிமிக்கி! பள்ளிக்கூடம் போகாம இருக்கத் தொண்டை வலியாம். ரெண்டு போட்டா எல்லா வலியும் பறந்துடும்!”

அத்தை போனில் பொரிந்து தள்ளினாள். அம்மா ‘உம்’ கொட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

போன வாரமும் மகளுக்கு இதே வலி. அதற்கு முந்தின வாரமும் இதே வலி. காலையில் எழுந்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவாள். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னால் சமர்த்தாகக் கொப்பளிப்பாள். வெதுவெதுப்பாகத் தேன் கலந்து கொடுத்தால் மடக் மடக்கென்று குடிப்பாள். பேச மட்டும் மாட்டாள்.

டிமிக்கியாகவே இருந்துவிட்டால் தேவலை என்றுதான் அம்மாவும் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பயம் வேறு. அப்பாவுக்கும் இப்படித் தொண்டை வலி என்றுதான் ஆரம்பித்தது.

அப்பா விளையாட்டு ஆசிரியர். ஒரு அதட்டல் போட்டால் மைதானமே அப்படியே நின்றுவிடும். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்ததில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. சைகையில் பேசிப் பழகுங்கள் என்று ஆஸ்பத்திரியில் எத்தனையோ சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் கையையே தூக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

அம்மா சளைக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். வங்கியில் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை; நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாயாயிற்றே.

“காபி போடட்டுமா? வேணாமா? சரி, பால் தரேன். ஜன்னலைத் திறக்கட்டுமா? வேணாம், காத்து ஒத்துக்காது.”

அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் ஓடினாள்.

“ஆ... சொல்லு. இன்னும் பெருசா. சபாஷ்!”

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். காதுக்குள் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார்.

“சிவப்பு இல்ல, சீழ் இல்ல, நெறி கட்டல. தொண்டை படு சுத்தமா இருக்கும்மா.”

“இன்னொரு தடவை நல்லா பாருங்க டாக்டர். இவ அப்பாவுக்கும் இப்படித்தான்...” அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விவரத்தைக் கேட்டதும் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது ஒட்டிக்கிற நோய் இல்லம்மா. குழந்தைங்களுக்கு வர்ற தொண்டை வலி முக்காவாசி சளி மாதிரி வந்து, தானா போயிடும். எச்சில்கூட முழுங்க முடியாம வாயில வழிஞ்சாலோ, மூச்சு திணறினாலோ உடனே ஓடி வாங்க. இவளுக்கு அப்படி எதுவும் இல்ல. உங்க பயத்தை இங்கயே இறக்கி வெச்சுட்டுப் போங்க.”

பயம் இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

“அப்ப என்னை எதுக்குடி இப்படி உயிரோட கொன்ன? உங்க அத்தை சொன்னது சரிதான்!”

“இருங்கம்மா.” டாக்டரம்மா நாற்காலியை மகள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். “பள்ளிக்கூடத்துல யாராச்சும் அடிக்கிறாங்களா கண்ணு?”

இல்லை என்று தலையாட்டல்.

“கணக்குப் பாடத்துக்குப் பயமா?”

அதற்கும் தலையாட்டல்.

“வாயைத் திறந்து சொல்லேன். தொண்டைதான் ஜோரா இருக்கே!”

மகள் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“அப்பாகிட்ட சொல்லக் கூடாது.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்,” என்றாள் அம்மா.

“தொண்டை வலி, பேச முடியலன்னு அப்பாகிட்ட கையால காட்டினேன். முதல்ல திரும்பவே இல்ல. அப்புறம் எனக்குத் தண்ணி வேணும்னு கையால கேட்டேன். வேணும்னே தப்புத் தப்பா காட்டினேன். அப்பா எழுந்து உக்காந்து, என்னன்னு கையால கேட்டாரு. இப்ப அம்மா வேலைக்குப் போனதும் நாங்க ரெண்டு பேரும் நாளெல்லாம் அப்படித்தான் பேசுறோம். நேத்து அப்பா சிரிச்சாரு டாக்டர். சத்தம் வரல. ஆனா, சிரிச்சாரு.”



அம்மா மலைத்துப்போய் நின்றாள். தரையில் கால்கூட எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இத்தனூண்டு. ஆஸ்பத்திரியே சேர்ந்து தூக்க முடியாத கையை இது தூக்க வைத்திருக்கிறதே! பெற்ற பிள்ளையைத் தொடவே அவளுக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி தங்கம்?”

“நீ இருந்தா அப்பா கையைத் தூக்கறதே இல்லம்மா. கேள்வியும் நீயே கேக்கற, பதிலும் நீயே சொல்லிடற.”

வழி நெடுக அம்மா மகளின் கையை விடவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வாசலைப் பார்த்தபடி. மகளைக் கண்டதும் அவர் கை பரபரவென்று எழுந்தது. கழுத்தைத் தொட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். டாக்டர் என்ன சொன்னாங்க?

பதில் அம்மாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னும் சரியாகவில்லை என்று கைகளை விரித்தாள். அப்பா எழுந்தார். அவள் தலையைத் தடவிவிட்டு, வெந்நீர் வைக்கச் சமையலறைக்குள் போனார்.

மறுநாள் காலை, அம்மாவுக்கும் தொண்டை வலி வந்துவிட்டது.