இவருக்குப் பதில் இவர்

வெள்ளவத்தை மாடிவீட்டில் பகல் இரண்டரை மணி. கடலோர ரயில் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துப் போகிறது. யூடியூப்பில் பழைய மெகாத்தொடரின் இருநூற்றுப் பதினோராம் பாகம். திரையில் மருமகள் கோமளா வாசற்படியில் நின்று மெல்லத் திரும்புகிறாள். அடுத்த நொடி ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற எழுத்தோடு கோமளாவாக வேறொரு நடிகையின் முகம் வரும். அதற்குள் நேசமலர் ரிமோட்டை அமுக்குகிறாள். கோமளா பாதித் திரும்பலிலேயே நிற்கிறாள். “ஒவ்வொருமுறையும் இதிலயே நிப்பாட்டுறீர். ஒருக்கா முடிவைப் பாருமப்பா,” என்கிறார் கணவர் கனகசபாபதி. “புருசனிட்ட அடிவாங்கிப்போட்டு மன்னிப்புக் கேக்கிற சீன்ல நடிக்கமாட்டன் எண்ட நடிகையைத் தூக்கிப்போட்டு எழுதின முடிவு. தொடரை எழுதினவரே இருந்து பார்க்கட்டும்.” மறுபடி முதலாம் பாகத்தைப் போடுகிறாள். மணமாலையோடு கோமளா அதே வாசற்படியில் வலதுகாலை எடுத்துவைக்கிறாள். நேசமலர் சத்தத்தைக் கூட்டுகிறாள்.