கணக்கு வராத ஏழு பேர்

"நாற்பத்திரண்டுல பதினேழு போனா மீதி எவ்வளவும்மா?"

"இருபத்தாறு."

வராந்தாவில் நின்றிருந்த டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். சோதனை நடக்கும்போது சொல்லிக்கொடுத்தவர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. ஜன்னல் திறந்திருந்தால் காது கேட்காமலா போகும்?

உள்ளே இருந்தது சுண்டெலி. நாலாம் வகுப்பிலேயே சின்ன உருவம், பெரிய வாய். நேற்றுகூட இதே மாதிரிக் கணக்கைப் பலகையில் கடகடவென்று போட்டுவிட்டு, "வேற குடுங்க டீச்சர்" என்று மல்லுக்கு நின்றவள்.

"அம்பத்தாறை ஏழு பேருக்குச் சமமாப் பிரிச்சா?"

"ஒன்பது."

"சரி, ஆறெட்டு?"

"நாற்பத்தொன்பது."

போச்சு. புது ஆளைப் பார்த்துப் பயந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

நாலாம் வகுப்பின் மூன்று பிரிவுகளிலிருந்தும் 'இதுங்களுக்குக் கணக்கு வராது' என்று முத்திரை குத்தித் தள்ளிவிட்ட ஏழு பிள்ளைகள் அவர்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, தற்காலிகமாக ஒரு டீச்சரையும் போட்டார்கள். ஏழில் நாலு பேராவது இன்றைக்குத் தேறினால்தான் அவளுக்கு அடுத்த வருஷமும் வேலை. கணவனுக்கு வேலை போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் அவள் மூச்சு விடவில்லை. பச்சை மண்ணுங்க, அதுங்க தலையில் இந்தப் பாரத்தை ஏற்றுவானேன்? வருஷம் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். மணிகளைக் கொட்டி எண்ண வைத்தாள். பெஞ்சைச் சுற்றி ஓடவிட்டு வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். யாராவது திருதிருவென்று முழித்தால், "சீக்கிரம் கத்துக்குங்கடா, நான் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பணும்" என்று கேலி பண்ணுவாள்.

சுண்டெலி வெளியே வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, டீச்சர் முகத்தைப் பார்க்காமல் ஓடிப்போனாள். அடுத்து புல்லட் போனான். அப்புறம் ஒட்டடைக்குச்சி. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒவ்வொருவராகக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள்.

சோதனைக்கு வந்தவர் தொப்பையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். நல்ல மனுஷர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஏழு பேரும் அவுட். எதைக் கேட்டாலும் ஒண்ணு அதிகமா, ஒண்ணு அதிகமா... கிட்ட வந்து வந்து கோட்டை விடுறாங்க. பாவம்!"

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா?"

"பட்டனைத் தட்டினதுமே எல்லாம் மேல போயிடுச்சும்மா. இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது." கையிலிருந்த டேப்லெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

தலைமையாசிரியை தலையை நிமிர்த்தவேயில்லை. "நான் என்ன பண்ணட்டும்? மேலிடத்து முடிவு. நாளையிலேருந்து வர வேணாம். பீரோ சாவியை ஆபீஸ்ல குடுத்துடுங்க." ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

டீச்சருக்கு அழுகைகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியவில்லை என்று ஒரு நினைப்பு மட்டும் வந்தது. அதுவும் வேறு யாரையோ பற்றிய சேதி போலத்தான் இருந்தது.

அறைக்குத் திரும்பினாள். பிள்ளைகள் ஏழு பேரும் அங்கேதான் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்த்ததும் கப்சிப். அவள் பாட்டுக்குத் தன் டம்ளர், குடை, மீதி சாக்பீஸ் என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். சொந்தக் காசில் வாங்கிய மணி டப்பா மட்டும் பைக்குள் அடங்கவில்லை.

"இந்தாங்க, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"இதுல மொத்தம் எத்தனை இருக்கு டீச்சர்?" என்றாள் சுண்டெலி.

"அறுபத்து மூணு."

"அப்போ ஆளுக்கு ஒன்பது!"

கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. டீச்சரின் கை பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

"அம்பத்தாறு இருந்தா?"

"எட்டு," என்றான் புல்லட்.

"நாற்பத்திரண்டுல பதினேழு போனா?"

"இருபத்தஞ்சு!" ஏழு பேரும் கோரஸாகக் கத்தினார்கள்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவிங்களா... அப்போ உள்ளே ஏன் எல்லாத்தையும் தப்பாச் சொன்னீங்க?"

"ஒண்ணு சேர்த்துச் சொல்லணும்னு சுண்டெலிதான் டீச்சர் ஐடியா குடுத்தா!" புல்லட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லோரும் ஒன்றாக அவிழ்த்துவிட்டார்கள்.

சுண்டெலி ஓடி வந்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க கத்துக்கிட்டா மூட்டையைக் கட்டிடுவேன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"