போனில்தான் பேச்சு

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ரைஹானுக்கு, எல்லையில் வராத நடுக்கம் மனைவிக்குப் போன் போடும்போது வந்தது. 'போகாதீங்க' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

"ஃபஹீமா, ரெண்டு வேலை வந்திருக்குது."

"அல்ஹம்துலில்லாஹ்! எங்கீங்க?"

"மும்பையில செக்யூரிட்டி ஆபீசர். நல்ல சம்பளம், ஏசி ரூம். இன்னொண்ணு நம்மூரு கிணத்துக்கடவு மில்லுல வாட்ச்மேன். சம்பளத்தைச் சொன்னா சிரிப்பே."

அவள் சிரிக்கவில்லை.

"லைன்ல இருக்கியா?"

"பதினாறு வருஷமா லைன்லதானுங்களே இருக்கேன்." குரல் உடைந்தது. "மும்பை வேண்டாங்க. வாட்ச்மேனாவே இருங்க. தெனமும் ஊட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

"அப்பச் சரி. மொட்டைமாடியில இருந்து கீழ எறங்கி வாங்க, தோசை ஆறுது."

இறங்கி வந்தான். பதினாறு வருடக் குடித்தனமே போனில் நடந்ததால், நேருக்கு நேர் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. தோசையை வைத்துவிட்டு அவள் வெட்கத்தோடு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

தட்டருகே போன் அடித்தது.

"ஏனுங்க, இன்னொண்ணு வெக்கட்டுங்களா?"