வெயில் படம்

புவி சூடாவதால் இந்த வட்டாரத்துக் கிணறுகள் வற்றிவிடும் என்றது விஞ்ஞானிகளின் ஆய்வு. வெயில் செய்தி எதுவானாலும் கிணற்றில் குதிக்கும் பிள்ளைகளின் படத்தைப் போடுவதுதான் அந்த ஆய்வைச் செய்தியாக்கவிருந்த பத்திரிகையின் வழக்கம். புகைப்படக்காரர் செல்வின் வழக்கமான கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, செய்தி ஆசிரியருக்கு போன் செய்தார்.

"சார், தண்ணியே இல்ல. அடிப்பாறைதான் தெரியுது. அதையே எடுத்து அனுப்பட்டுமா?"

"காலங்காத்தால அதை யாருய்யா பாப்பாங்க? போன வருசப் படத்தையே போட்டுடலாம்."

மறுநாள் டீக்கடையில் செல்வின் பேப்பரைப் பிரித்தார். விளம்பரத்துக்கு இடம் போதாமல் படத்தின் கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் அதோடு போயிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சிரித்தபடி அந்தரத்தில் நின்றான் ஒரு பையன்.

செல்வினுக்குப் பேப்பரை மடிக்க மனம் வரவில்லை. படத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார்.